‘டு பிளேம்’: ஆங்கிலப் புகார்க் கடிதத்தில் பொறுப்பைச் சுட்டி எழுதும் முறை

கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆங்கிலத்தில் புகார்க் கடிதம் எழுத வேண்டிய சந்தர்ப்பம் அடிக்கடி வருகிறது. நாகர்கோவில், இரணியல், குழித்துறை ஆகிய ரயில் நிலையங்கள் தெற்கு ரயில்வேயின் திருவனந்தபுரம் கோட்டத்தில் இருப்பதால், பார்சலில் அனுப்பிய பூ கெட்டுப்போனாலும் சரி, முன்பதிவு செய்த இருக்கை கிடைக்காமல் போனாலும் சரி, கடிதம் மலையாளம் பேசும் ஊருக்குத்தான் போய்ச் சேருகிறது. வளைகுடா நாடொன்றில் சம்பள பாக்கியை விட்டுவிட்டு ஊர் திரும்பியவர், தாம் வேலை பார்த்த நிறுவனத்துக்கு ஆங்கிலத்தில்தான் எழுதியாக வேண்டும். வாகனக் காப்பீட்டு இழப்பீட்டுப் படிவமும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே கைக்கு வருகிறது. குறைதீர்க்கக் கோரும் மனுவை ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்கலாம் என்று அரசமைப்புச் சட்டத்தின் 350ஆவது பிரிவு உரிமை தந்திருப்பதால், ரயில்வேக்குத் தமிழில் எழுதுவதற்குச் சட்டத் தடை ஏதும் இல்லை. ஆயினும் அந்த மனு மொழிபெயர்ப்புக்காக ஏதோ ஒரு மேசையில் காத்துக் கிடக்கும் என்ற எண்ணத்தில், பலரும் ஆங்கிலத்திலேயே எழுதிவிடுகிறார்கள்.

நடந்ததை விவரிக்கும் வரிகளைப் பலர் பிழையின்றி எழுதிவிடுகிறார்கள். "இந்த இழப்புக்கு இவர்தான் பொறுப்பு" என்று சொல்ல வேண்டிய வரியில்தான் பேனா தடுமாறுகிறது. அந்த இடத்துக்கு ஆங்கிலம் பொதுவாக வைத்திருக்கும் தொடர் ‘இஸ் டு பிளேம் ஃபார்’ என்பதாகும். அதன் அமைப்பைப் பழகிக்கொள்வது எளிது. எந்தக் கடிதத்தில் அதை எழுதலாம், எதில் எழுதினால் எழுதியவருக்கே கேடாக முடியும் என்பதைத் தெரிந்துகொள்வதற்குத்தான் கூடுதல் கவனம் வேண்டும். எனவே அமைப்பை முதலில் முடித்துவிடுவோம்.

பொறுப்புக்கு உரியவர் வாக்கியத்தின் தொடக்கத்தில் வருவார். அவரை அடுத்து ‘ஆம்’, ‘இஸ்’, ‘ஆர்’, ‘வாஸ்’, ‘வேர்’ ஆகியவற்றுள் பொருத்தமான ஒன்று வரும். பிறகு எந்த மாற்றமும் இல்லாமல் ‘டு பிளேம்’ வரும். அதன்பின் ‘ஃபார்’, கடைசியில் நேர்ந்த கெடுதல். ‘தி கான்ட்ராக்டர் இஸ் டு பிளேம் ஃபார் தி டிலே’ என்றால், தாமதத்துக்கு ஒப்பந்ததாரரே காரணம், அந்தக் குறையும் அவரையே சாரும் என்று பொருள். காலத்தைக் காட்டும் வேலை முழுவதும் ‘டு’ என்பதற்கு முன்னால் வரும் சொல்லுக்கே உரியது என்பதால், நடந்து முடிந்ததை எழுதும்போதும் ‘வாஸ் டு பிளேம்’ என்றுதான் எழுத வேண்டும். ‘டு பிளேம்டு’ என்ற வடிவம் ஆங்கிலத்தில் கிடையாது. ஓட்டுநர் ஒருவராக இருந்தாலும் இருவராக இருந்தாலும் ‘பிளேம்’ அப்படியே நிற்கும்; ‘இஸ்’ மட்டும் ‘ஆர்’ ஆகும்.

‘ஃபார்’ என்பதற்குப் பின்னால் என்ன வரலாம் என்பதில் நம்மவர்கள் நிறையச் சறுக்குகிறார்கள். பாசனக் கால்வாயை இங்கே சானல் என்போம்; தமிழில் "சானல் கரை உடைந்ததற்கு" என்று வினையைப் பெயராக்கி, ‘கு’ உருபைச் சேர்த்து முடித்துவிடுகிறோம். ஆங்கிலத்திலும் பெயராக்கித்தான் வைக்க வேண்டும். உடைப்பைக் குறிக்கும் பெயர்ச்சொல்லை வைத்து ‘ஃபார் தி பிரீச்’ என்று எழுதலாம். அல்லது ‘இங்’ ஈற்று வடிவத்தை வைத்து, கரையைப் பழுதுபார்க்காமல் விட்டதற்கு என்ற பொருளில் ‘ஃபார் நாட் ரிப்பேரிங் தி பண்ட்’ என்று எழுதலாம். இவ்விரண்டையும் விட்டுவிட்டு, எழுவாயும் பயனிலையுமாக முழு வாக்கியத்தையே இழுத்துவந்து ‘ஃபார் தி பண்ட் வாஸ் புரோக்கன்’ என்று எழுதினால், ‘ஃபார்’ என்பது அங்கே ‘ஏனெனில்’ என்ற பொருளைக் கொண்டுவிடும். "ஒப்பந்ததாரர் மீது குறை உண்டு, ஏனெனில் கரை உடைந்துவிட்டது" என்று படிப்பவர் புரிந்துகொள்வார். கரை உடைந்ததற்கான காரணத்தைச் சொல்ல வந்த வாக்கியம், கரை உடைந்ததையே சான்றாகக் காட்டும் வாக்கியமாகத் திரிந்துபோகிறது.

பொறுப்பின் அளவைச் சொல்ல விரும்பினால், அந்தச் சொல்லை ‘இஸ்’ என்பதற்கும் ‘டு’ என்பதற்கும் நடுவில் வைக்க வேண்டும். ஓரளவு என்பதற்குப் ‘பார்ட்லி’, பெருமளவு என்பதற்கு ‘லார்ஜ்லி’, முழுவதும் என்பதற்கு ‘என்டயர்லி’. எதிர்மறையும் அதே இடத்தில்தான் அமரும்: ‘இஸ் நாட் டு பிளேம்’. இந்தச் சிறு சொற்களை அலங்காரமாக நினைத்துத் தள்ளிவிட வேண்டாம். பாதிப் பொறுப்பு மட்டுமே எதிராளியுடையது என்று தெரிந்திருந்தும் ‘என்டயர்லி’ என்று எழுதினால், மறுதரப்பு ஒரே ஓர் ஆவணத்தைக் காட்டி அந்தச் சொல்லை உடைத்துவிடும். அதன்பின் கடிதத்தின் மற்ற வரிகளுக்கும் மதிப்பு குறையும்.

இந்தியாவில் எழுதப்படும் ஆங்கிலத்தில் ‘இஸ் டு பி பிளேம்டு’ என்ற வடிவத்தை நிறையவே பார்க்கிறோம். பழிக்கப்பட வேண்டியவர் என்று செயப்பாட்டு வினையில் சிந்திப்பதால் வரும் வடிவம் இது. இலக்கணப்படி இது தவறன்று. ஆனால் இதன் தொனி வேறு. ‘டு பிளேம்’ என்றால் குறை அவரிடம் இருக்கிறது என்ற உண்மை நிலையைச் சொல்கிறோம். ‘டு பி பிளேம்டு’ என்றால் அவரைக் குறைகூற வேண்டும் என்று யாரோ ஆணையிடுவது போன்ற சாயல் படிந்துவிடுகிறது. புகார்க் கடிதத்துக்கு முன்னதே பொருந்தும். செய்வினை வடிவத்தில் இருந்துகொண்டே செயப்பாட்டுப் பொருளைத் தரும் இந்தப் பழைய அமைப்பு ஆங்கிலேயர்களையே குழப்பியிருக்கிறது. 16, 17ஆம் நூற்றாண்டுகளில் ‘பிளேம்’ என்பதை ஒரு பெயரடை என்று எண்ணி, ‘மிகவும்’ என்று பொருள்படும் ‘டூ’ என்ற சொல்லை அதன் முன்னால் போட்டு அச்சிட்டிருக்கிறார்கள். ஆகவே நமக்கு ஐயம் வருவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இன்றைய எழுத்தில் ஒற்றை ‘ஓ’ உள்ள ‘டு’ மட்டுமே சரி என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

‘பிளேம்’ என்பதை நேரடி வினையாக எழுதும்போது இன்னொரு சிக்கல் வருகிறது. ஆளை முன்னே வைத்தால் கெடுதலுக்கு முன் ‘ஃபார்’ வர வேண்டும். கெடுதலை முன்னே வைத்தால் ஆளுக்கு முன் ‘ஆன்’ வர வேண்டும். தாமதத்துக்காக ஓட்டுநரைக் குறைகூறினார்கள் என்பது முதல் வகை. தாமதத்தின் பழியை ஓட்டுநர் மேல் போட்டார்கள் என்பது இரண்டாம் வகை. நம்முடைய ‘மேல்’ என்ற சொல் எங்கே வருகிறதோ அங்கேதான் ‘ஆன்’ வரும் என்று வைத்துக்கொண்டால் தடுமாற்றம் இராது. இரண்டையும் கலந்து ‘பிளேம்டு தி டிரைவர் ஆன் தி டிலே’ என்று எழுதினால், ஓட்டுநர் செய்த கெடுதலாகத் தாமதம் தெரியாமல், தாமதம்தான் ஓட்டுநரை உண்டாக்கியது போலத் தலைகீழாகிவிடும். ‘ஆன்’ வரும் அமைப்பை ஒப்புக்கொள்ளாத பழைய இலக்கண ஆசிரியர்களும் உண்டு. இன்று அது எல்லோரும் எழுதும் வழக்காகிவிட்டது. இருந்தாலும் அலுவலகக் கடிதத்தில் ‘ஃபார்’ அமைப்பையே நான் பரிந்துரைப்பேன். ‘ஆன்’ வரும் வாக்கியத்தில், பழியை ஒருவர் இன்னொருவர் தலையில் கட்டுகிறார் என்ற சாயல் எளிதில் ஏறிக்கொள்கிறது.

உறவுடைய மற்றச் சொற்களின் இடைச்சொற்களும் இங்கே வந்து கலந்துவிடுவதுண்டு. குற்றம்சாட்டுதல் என்ற பொருளுடைய ‘அக்யூஸ்’ என்பதற்கு ‘ஆஃப்’ வேண்டும். காவல் துறையோ நீதிமன்றமோ குற்றச்சாட்டுப் பதியும்போது வரும் ‘சார்ஜ்’ என்பதற்கு ‘வித்’ வேண்டும். ‘ரெஸ்பான்சிபிள்’ என்பதற்கு ‘ஃபார்’ போதும். ‘அக்யூஸ்’ என்ற சொல்லைத் தெரிந்தே தவிர்ப்பது நல்லது. வேண்டுமென்றே செய்த தவற்றைச் சுட்டுவது போன்ற சாயல் அதில் எளிதில் ஏறிக்கொள்ளும். கவனக்குறைவால் பார்சலை வெயிலில் போட்டுவிட்ட ஊழியரை அந்தச் சொல்லால் சுட்டினால், நிரூபிக்க முடியாத ஒன்றை நிரூபிக்கும் சுமை நம் தலையில் ஏறும்.

இனி, இந்தத் தொடரின் எழுவாயாக யாரை வைப்பது என்ற கேள்விக்கு வருவோம். இலக்கணம் இதில் தாராளமானது. மழையையும் வைக்கலாம், மனிதரையும் வைக்கலாம். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் இந்த மாவட்டத்தைத் தாக்கியபோது சாய்ந்த ரப்பர் மரங்களுக்கும் ஒடிந்த வாழைகளுக்கும் புயலே காரணம் என்று ‘டு பிளேம்’ போட்டு எழுதினால் ஆங்கிலம் அதை ஏற்றுக்கொள்ளும். ஆனால் புகார்க் கடிதத்தில் இயற்கையை எழுவாயாக்கினால், படிக்கும் அதிகாரிக்குச் செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் போய்விடும். புயலில் முறிந்த மரத்துக்குப் புயல் காரணம். முறிந்த மரத்துக்கான காப்பீட்டுக் கோரிக்கையைக் காரணம் சொல்லாமல் கிடப்பில் போட்டால், அதற்குக் காரணம் கிடப்பில் போட்டவர். கடிதத்தின் பொருள் இரண்டாவதாக இருக்கும்போது, முதலாவதைப் பற்றிய வரியில் இந்தத் தொடரைச் செலவழிக்கக் கூடாது.

ஒரு கடிதத்தைக் கிட்ட வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும். கோதையாறு பாசனத்தில் ஒரு கிளைச் சானலின் கடைவரம்பில் வயல் வைத்திருக்கும் ஒருவர் எழுதுவதாகக் கொள்வோம். கன்னிப்பூ என்னும் முதல் போக நெல் சாகுபடிக்காக ஜூன் மாதத்தில் அணை திறந்த பிறகும் அவருடைய வயலுக்குத் தண்ணீர் வந்து சேரவில்லை. அவர் எழுதும் முதல் வரைவு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "தண்ணீர் வராததால் எங்கள் நாற்று முழுவதும் கருகிவிட்டது. இதற்குத் துறை அதிகாரிகள்தான் முழுப் பொறுப்பு. உடனே நடவடிக்கை எடுக்க வேண்டும்." ஆங்கிலத்தில் எழுதினாலும் இதே வரிசையில் ‘டு பிளேம்’ வந்து நிற்கும். இந்த வரைவில் கோபம் இருக்கிறது. அதிகாரி பிடித்துக்கொள்ள ஒரு பிடி இல்லை. யாருடைய கடமை, அவர் எதைச் செய்யவில்லை, அதனால் தண்ணீர் எங்கே தடைபட்டது என்ற மூன்றும் அதில் காணப்படவில்லை.

திருத்திய வரைவு வேறுவிதமாகத் தொடங்க வேண்டும்: "மேற்படி கிளைச் சானலின் கடைசி ஒரு கிலோமீட்டரைத் தூர்வாரும் பணியை, பணி ஆணைப்படி மே 31க்குள் முடித்திருக்க வேண்டிய ஒப்பந்ததாரர், ஜூன் 20 வரை அதைத் தொடங்கவில்லை. ஜூன் 12 அன்று சானலில் வந்த தண்ணீர், பாலத்துக்குக் கீழே இருக்கும் மண்மேட்டில் தடைபட்டு நின்றுவிட்டது. அதன் கீழேயுள்ள மடைகள் எதற்கும் தண்ணீர் ஏறாததால், என் நாற்றங்காலில் இருந்த நாற்று கருகியது." இந்த மூன்று வாக்கியங்களுக்குப் பிறகு வரும் ‘தி கான்ட்ராக்டர் இஸ் டு பிளேம் ஃபார் திஸ் லாஸ்’ என்ற வரியை யாரும் வெறும் வசையாகப் படிக்க மாட்டார்கள். பொறுப்பைச் சொல்லும் வாக்கியம், நடந்ததைச் சொல்லும் வாக்கியங்களுக்குப் பின்னால்தான் வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முன்னால் வைத்தால் படிப்பவர் எதிர்வாதத்தைத் தேடிக்கொண்டே மீதியைப் படிப்பார்.

மே 31 என்ற தேதி எங்கிருந்து கிடைக்கும் என்று கேட்கலாம். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, 10 ரூபாய்க் கட்டணத்துடன் பணி ஆணையின் நகலைக் கேட்டு விண்ணப்பிக்கலாம். 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம். அவசரக் குறை என்றால் முதல் மனுவை நடந்ததை மட்டும் சொல்லிக் கொடுத்துவிட்டு, நகல் கிடைத்த பிறகு பொறுப்பைச் சுட்டும் மனுவைத் தனியாகக் கொடுக்கலாம். ஒப்பந்ததாரரா, பிரிவு அலுவலரா, ஊராட்சியா என்று தெரியாத நிலையில் ஊகத்தின் பேரில் ஒருவரை எழுவாயாக்குவதைக் காட்டிலும், ‘ஹூஎவர் வாஸ் ரெஸ்பான்சிபிள் ஃபார் தி டிசில்ட்டிங்’ என்று, தூர்வாரும் பொறுப்புக்கு உரியவர் யாராக இருந்தாலும் என்ற பொருளில் எழுதி நிறுத்துவது கண்ணியமானது.

ரயில் பார்சல் விஷயத்தில் இந்தத் தொடர் மட்டும் எதையும் சாதிக்காது. 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம், 93ஆம் பிரிவில், ரயில்வே நிர்வாகம் பொறுப்பேற்க வேண்டாத காரணங்களைப் பட்டியலிட்டிருக்கிறது. இயற்கைச் சீற்றம், அனுப்பியவரின் கவனக்குறைவு, சரக்கின் இயல்பினாலேயே ஏற்படும் அழிவு முதலியவை அதில் அடங்கும். தோவாளையிலிருந்து பிச்சிப்பூ அனுப்பியவர், பூ அழுகியதற்கு ரயில்வேயே காரணம் என்று மட்டும் எழுதினால், பூவின் இயல்பே அழுகுவதுதான் என்று ஒரு வரியில் பதில் வந்துவிடும். அந்தப் பதிலுக்கு முன்கூட்டியே வாசலை அடைக்க வேண்டுமானால், பார்சல் எந்த நேரத்தில் ஒப்படைக்கப்பட்டது, எந்த வண்டியில் ஏற்றியிருக்க வேண்டும், உண்மையில் எந்த வண்டியில் ஏறியது, எத்தனை மணி நேரம் நடைமேடையில் கிடந்தது என்பவற்றை ரசீது எண்ணுடன் சொல்லிவிட்டு, ‘ஃபார் தி டிலே இன் லோடிங்’ என்று தாமதத்தின் மேல் மட்டும் பொறுப்பைக் கட்ட வேண்டும். அழுகல் என்பது தாமதத்தின் விளைவு என்று அடுத்த வாக்கியம் சொல்லட்டும். சரக்கை ஒப்படைத்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் எழுத்து மூலம் அறிவிப்பு கொடுத்தாக வேண்டும் என்று அதே சட்டத்தின் 106ஆம் பிரிவு சொல்வதால், அழகான ஆங்கிலத்துக்காக நாளைக் கடத்துவதைவிடச் சாதாரண ஆங்கிலத்தில் உரிய காலத்துக்குள் அனுப்புவதே மேல்.

கடை, வங்கி, தனியார் மருத்துவமனை, பயண நிறுவனம் போன்றவற்றுக்கு எதிரான புகாரில் ‘டு பிளேம்’ என்பதை ஒதுக்கிவிட்டுச் சட்டத்தின் சொல்லையே எடுத்துக்கொள்வது புத்திசாலித்தனம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ‘டெஃபிஷியன்சி’ என்ற சொல்லை 2ஆம் பிரிவின் 11ஆம் உட்பிரிவில் வரையறுக்கிறது. சேவையின் தரத்திலோ தன்மையிலோ செய்யும் முறையிலோ உள்ள குறை, போதாமை, கவனக்குறைவான செயல், செய்யாமல் விட்டது, நுகர்வோருக்குத் தெரிய வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைத்தது ஆகிய அனைத்தும் அதற்குள் வருகின்றன. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக நேர்ந்தால் அந்தச் சொல்லைச் சுற்றியே வாதம் நடக்கும் என்பதால், முதல் கடிதத்திலேயே சேவைக் குறைபாடு என்ற பொருளில் ‘டெஃபிஷியன்சி இன் சர்வீஸ்’ என்று எழுதி, அது எந்த வகைக் குறைபாடு என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிட்டால், பின்னால் வரும் மனு அதே தடத்தில் போகும். வழக்கு எழுவதற்கான காரணம் தோன்றிய நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் புகார் தாக்கல் செய்ய வேண்டும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பொறுப்பைச் சுட்டும் கடிதத்தை யாருக்கு அனுப்புகிறோம் என்பதும் எழுதும் முறையைச் சேர்ந்ததே. இப்போதைய குற்றவியல் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு அவதூறைக் குற்றமாக்குகிறது. ஒருவர் மீது சட்டப்படி அதிகாரம் உள்ளவரிடம், அந்த அதிகாரத்துக்கு உட்பட்ட பொருள் குறித்து, நல்லெண்ணத்துடன் அவரைப் பற்றிக் குற்றச்சாட்டு முன்வைப்பதை அதே பிரிவு விலக்காகவும் வைத்திருக்கிறது. செயற்பொறியாளருக்கு அனுப்பிய கடிதத்தைப் படம் பிடித்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டால், அந்த விலக்கின் நிழலிலிருந்து வெளியே வந்துவிடுகிறோம். கடிதத்தில் எழுதிய அதே ‘டு பிளேம்’ வரி, குழுவில் வேறு பொருளைப் பெற்றுவிடும். ஆளின் பெயரைவிடப் பதவியின் பெயரை எழுவாயாக வைப்பதும் ஒரு பாதுகாப்பு. பெயர் மாறுதலில் போய்விடும், பதவி அங்கேயே இருக்கும்.

திங்கள்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்துக்குத் தமிழில் மனு எழுதுபவர்களுக்கும் மேலே சொன்னவற்றில் பெரும்பகுதி பொருந்தும். ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழாக்கி இணைக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘டு பிளேம்’ என்பதற்குப் ‘பழி’ என்று எழுதினால், அநியாயமாகச் சுமத்துவது என்ற பொருள் நம் வழக்கில் ஒட்டிக்கொள்கிறது. ‘குற்றவாளி’ என்று எழுதினால் நீதிமன்றத் தீர்ப்பு போல் ஆகிவிடுகிறது. ‘இதற்கு இன்னார் பொறுப்பாவார்’ என்பதே மனுவுக்கு ஏற்றது. தமிழ் மனுவில் இதைவிடப் பெரிய ஆபத்து ‘படு’ என்ற துணைவினையில் இருக்கிறது. "தூர் வாரப்படவில்லை", "தகவல் தெரிவிக்கப்படவில்லை", "பார்சல் தாமதமாக ஏற்றப்பட்டது" என்று அலுவலகத் தமிழின் பழக்கத்தில் எழுதிக்கொண்டே போனால், செய்ய வேண்டியவர் யார் என்பது ஒரு வாக்கியத்திலும் வராமலேயே மனு முடிந்துவிடும். ஆங்கிலத்திலும் செயப்பாட்டு வினைக்கு இதே மறைக்கும் குணம் உண்டு. குறைகூற வந்த கடிதத்தில், குறைக்கு உரியவரை இலக்கணத்தின் பின்னால் நாமே ஒளித்துவைப்பது விந்தையான வேலை.

கடைசியாக, வாகன விபத்து. இங்கே இந்தத் தொடரை எழுதும் முன் இரண்டு முறை யோசிக்க வேண்டும். மார்த்தாண்டம் சந்தை நெரிசலில் முன்னே நின்ற கார் மீது உங்கள் இருசக்கர வாகனம் உரசிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எதிர்த்தரப்பினர் சாலையோரத்திலேயே ஒரு தாளை நீட்டி, ‘ஐ ஆம் டு பிளேம் ஃபார் தி ஆக்சிடென்ட்’ என்று எழுதிக் கையெழுத்திடச் சொன்னால், இட வேண்டாம். காப்பீட்டு நிறுவனத்தின் எழுத்து மூலமான ஒப்புதல் இல்லாமல் பொறுப்பை ஒப்புக்கொள்வதோ, பணம் தருவதாக வாக்களிப்பதோ கூடாது என்பது வாகனக் காப்பீட்டு ஆவணத்தில் வழக்கமாக உள்ள நிபந்தனை. தவறு உங்களுடையது என்று மனத்துக்குத் தெரிந்திருந்தாலும், நடந்ததை நேரம், இடம், திசை, வேகம் ஆகியவற்றோடு எழுதிக் கொடுப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். அது பொய் சொல்வதாகாது. பொறுப்பைத் தீர்மானிக்கும் வேலை வேறொருவருடையது, அவ்வளவுதான்.

காப்பீட்டுப் படிவத்தில் விபத்து நடந்த விதத்தை விவரிக்கும் கட்டத்திலும் அதே முறைதான். "எதிரே வந்த வேனின் ஓட்டுநர் மீதே தவறு" என்று எழுதுவதற்குப் பதிலாக, "எதிரே வந்த வேன், நடுக்கோட்டைத் தாண்டி எனது பக்கத்துக்கு வந்தது" என்று எழுதினால் காப்பீட்டு ஆய்வாளருக்குச் சரிபார்க்க ஒரு செய்தி கிடைக்கிறது. பொறுப்பைக் குறிப்பிட்டே தீர வேண்டிய கட்டம் வந்தால், ‘டு பிளேம்’ என்பதைவிட, வேகமாகவும் கவனக்குறைவாகவும் ஓட்டியதைச் சுட்டும் ‘ராஷ் அண்ட் நெக்ளிஜென்ட் டிரைவிங்’ என்ற தொடரை எழுதலாம். காவல் நிலையமும் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயமும் அந்தத் தொடரைத்தான் கையாளுகின்றன.

தீர்ப்பாயத்துக்குப் போகும்போது எந்தப் பிரிவின் கீழ் மனு என்பதைப் பொறுத்து இந்த வரியின் தேவையே மாறிவிடும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 166ஆம் பிரிவின்படி இழப்பீடு கோரினால், எதிராளியின் கவனக்குறைவை எடுத்துச் சொல்லி நிரூபிக்க வேண்டும். காயமடைந்தவரிடமும் ஒரு பங்கு கவனக்குறைவு இருந்தது என்று தீர்ப்பாயம் கண்டால், அந்தப் பங்கின் விகிதத்தில் தொகை குறையும். ஆகவே அந்த மனுவில் ‘என்டயர்லி டு பிளேம்’ என்று எழுதுவதா, ‘லார்ஜ்லி’ என்று எழுதுவதா என்பதை வழக்கறிஞரோடு கலந்து முடிவு செய்ய வேண்டும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்த 164ஆம் பிரிவின் கீழ், உயிரிழப்புக்கு 5 லட்சம் ரூபாயும் கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் ரூபாயும் கோருபவர், வாகன உரிமையாளரின் தவற்றைச் சொல்லவும் வேண்டாம், நிரூபிக்கவும் வேண்டாம். அந்த மனுவில் விபத்து நடந்ததையும் காயத்தையும் வாகனத்தின் எண்ணையும் காப்பீட்டு விவரத்தையும் எழுதினால் போதும்.